மருந்து வெச்சவ

ஆமாங்க, வெச்சா. மருந்து வெச்சது மெய்தான். இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்.

அதுக்குள்ள எந்திரிச்சா எப்படிங்கக்கா? உக்காருங்க. சங்ககிரியில இருந்து இந்த வெயில்ல வந்திருக்கறீங்க. உங்க தம்பிக்கு எங்க வீட்டுப் பொண்ணைக் கேக்கலாமா வேண்டாமான்னு தெருவுல விசாரிச்சிருக்கறீங்க. ‘அவளா? தம்பி பொண்டாட்டிக்கே சோத்துல மருந்து கலந்து உருக்குலைச்சவளாச்சே’ன்னு சொல்லியிருப்பாங்க. சரி, மருந்து தின்னவளையே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிரலாம்னு படியேறி வந்தீங்க. கேட்டுட்டே போங்க. பாதியைக் கேட்டுட்டுப் போறதுக்கு அந்தத் தெருக்காரங்க போதும், நான் எதுக்கு?

நான் பேசறவ இல்லீங்க. அஞ்சாவதோட நின்னவ. ஒறம்பரை, விருந்தாளின்னு யாரு வந்தாலும் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால போயி நின்னுக்குவேன். இன்னைக்கு எந்திரிச்சுப் போகத் தெம்பில்லை, அதனால மாட்டிக்கிட்டேன். வீட்டுல வேற ஆளும் இல்லை. எங்க அத்தை கோயிலுக்குப் போயிட்டாங்க. அவ என்ற குழந்தையைத் தூக்கிட்டு ரேசன் கடைக்குப் போயிருக்கறா. முன்னால நின்னா ‘நங்கையா, வாங்க, போங்க’ன்னுதான் பேசுவேன், வீட்டுக்காரரோட அக்கா இல்லீங்களா? அக்கட்டப் போயிட்டா எனக்கு ‘அவ’ன்னுதான் வருது. என்ன பண்றது?

பேரு தனக்கொடி. கொடின்னு பேரு வெச்சவங்களைச் சொல்லணும். நடந்தா அடுக்குல இருக்கற போசி, பாத்திரமெல்லாம் அதிரும். அவளுக்கு மெதுவாப் பேச வராதுங்க. மெதுவா எதுவுமே வராது. மொதப் புருசன் ஈரோட்டுல இன்னொருத்தியோட இருந்தானாம். இருந்துட்டுப் போறான். ஊருக்குத் தெரியாத வரைக்கும் நாமளும் தெரியாத மாதிரி இருந்துக்க வேண்டியதுதானே? இவ பஸ் ஸ்டாண்டுல வெச்சுச் சட்டையைப் புடிச்சு, ‘இவ யாருடா?’ன்னு கேட்டிருக்கறா. பஸ்ஸுல உக்காந்திருந்த சனம் பூரா ஜன்னல் வழியாத் தலையை நீட்டிப் பாத்துச்சாம். அப்பறம் எங்கிருந்து சேத்து வெக்கிறது? தீத்து விட்டுட்டாங்க. மூடி வெச்சு வாழத் தெரியாதவ. நீங்க எழுதி வெச்சுக்கலாம், இதான் அவ லட்சணம்.

நல்ல விதமாச் சொல்லி உங்க தலையில கட்டித் தாட்டி விட்டிருக்கலாம். பொய் சொல்ல வரலீங்க எனக்கு.

என்ற சீக்கைப் பத்திச் சொல்றேன், கேளுங்க. குழந்தை பால் மறக்கறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சிருச்சு. பெருங்குடல் பூரா புண்ணாம். டாக்டர் ஒரு பேரு சொன்னாரு, அது என்ற வாய்க்குள்ள நொழையாது. வயித்தை ஒரு முறுக்கு முறுக்கும், ஓடணும். ஓடினா... எப்படிச் சொல்றது? ரத்தமும் சளியுமாங்க. இதைப் போயி யாருகிட்டச் சொல்லுவேன்? வீட்டுக்காரரு போர்க்கெணறு போடற வண்டியில சத்தீஸ்கர் பக்கம் போயிட்டாரு. மழை புடிச்சாத்தான் வண்டி திரும்பும். போன்ல ‘வயிறு சரியில்லீங்க’ன்னேன். ‘இஞ்சியைத் தட்டிக் குடி’ன்னாரு. பூமிக்குள்ள ஆயிரம் அடிக்குக் கீழ என்ன இருக்குதுன்னு சொல்ற மனுசன். பொண்டாட்டி வயித்துக்குள்ள என்னன்னு கேட்டா இஞ்சி!

நான் பாட்டுக்கு மறைச்சுட்டுத்தான் இருந்தேன். விடிகாலையில எந்திரிச்சு என்ற துணியை நானே அலசிப் போட்டுருவேன். ஒருநாள் எந்திரிக்க முடியல. இவ துணிக்கல்லுல இருந்து என்ற பாவாடையைக் கையில புடிச்சுட்டு நடுவீட்டுக்கு வர்றா. ‘மேகலா, உனக்குத் தூரம் போன வாரமே முடிஞ்சிருச்சே. இது என்ன ரத்தம்?’

என்ற தூரக் கணக்கை இவ எதுக்குங்க வெச்சிருக்கோணும்? இவளுக்கு வேற சோலி இல்லையா?

அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிட்டா. டாக்டர் சின்ன வயசு ஆம்பளைங்க. ‘என்னம்மா பண்ணுது?’ன்னாரு. ‘வயித்து வலிங்க’ன்னேன். எழுதிட்டே இருந்தாரு, தலையைத் தூக்கல. இவ என்ற பின்னால நின்னுட்டு, ‘ரத்தமாப் போகுதுங்க டாக்டர், சளியும் கலந்து போகுது, போற நேரம் போக மிச்ச நேரந்தான் இவ மனுசி’ங்கறா. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கற ஆளுக வரைக்கும் கேட்டிருக்கும். அப்பத்தான் அவரு பேனாவைக் கீழ வெச்சுட்டு என்ற மொகத்தைப் பாத்தாரு. எனக்கு அந்த எடத்துலயே செத்துரலாமான்னு இருந்துச்சு. அங்கயே பெட்டுல போட்டுட்டாங்க.

வீட்டுக்கு வந்ததுக்கு அப்பறந்தான் நெசமான கருமம். ஒறம்பரை! ஒருத்தர் பாக்கி இல்லாம வந்தாங்க. டாக்டர் பால் வேண்டாம், பழம் வேண்டாம், பச்சையா ஒண்ணும் வேண்டாம்னு சொல்லி அனுப்பியிருக்காரு. வர்றவங்க கையில ஆப்பிளு, தெராட்சை, பாலுல கலக்கற மாவு. ‘தொலியோட தின்னு அம்மணி, தொலியிலதான் சத்து.’ தின்னுட்டு நான் ஓடணும், அவங்க உக்காந்து பாக்கணும். எங்க பெரியம்மா மக பலாச்சொளை கொண்டாந்தாங்க. பலாச்சொளைங்க! வயித்துல புண்ணு இருக்கறவளுக்கு. அந்தப் பழத்தையெல்லாம் கடைசியில யாரு தின்னது? கொண்டாந்தவங்களேதான். பேசிப் பேசித் தின்னுட்டு, தொலியை வட்டல்ல போட்டுட்டு, ‘எளைச்சுப் போயிட்டா’ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனாங்க.

ஒருநாள் இவ வாசல்ல நின்னுட்டு, ‘பழம் கொண்டாந்தவங்க பழத்தோட திரும்பிக்கங்க, அவ கொடலு கொடலா இல்லை’ன்னு சொல்லித் திருப்பியே அனுப்பிட்டா. ஒறம்பரையை வாசல்ல நிறுத்திப் பேசறதுங்களா? என்ற மானம் போச்சு. ஆனா அன்னைக்கு நல்லாத் தூங்கினேன், அது வேற.

இவ ஆக்கிப் போடற சோத்தைப் பாக்கோணுமே! சோறா அது? பசை. சுவத்துல நோட்டீஸ் ஒட்டலாம். சோத்தைக் கொழைய வேகவிட்டு, கரண்டியில மசிச்சு, சித்த உப்பு, சித்த சீரகத் தண்ணி. அவ்வளவுதான். என்ற வாய்க்கு ஒரு பச்சமொளகா கேட்டா, ‘உன்ற வாய் கேக்குது, கொடலு கேக்கலையே’ம்பா. அதையே அவளும் வட்டல்ல போட்டுத் தின்பா. எனக்கு ஆசை வந்துரக்கூடாதாம், அதனால வீட்டுல கொழம்பு வெக்கிறதே இல்லை. எங்க அத்தை பக்கத்து வீட்டுல ரசம் வாங்கித் தின்னாங்க. இப்படியா ஒரு வீட்டைப் பட்டினி போடறது?

அப்பறம் அந்தக் கேள்வி. பொடக்காலிக் கக்கூஸ் கதவுக்கு வெளிய நின்னுட்டுக் கேப்பா. ‘மேகலா, இன்னைக்கு என்ன நெறம்? கட்டியாப் போச்சா?’ பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா செடிக்குத் தண்ணி ஊத்தறதை நிறுத்திட்டுப் பதிலுக்குக் காத்துட்டு இருப்பாங்க. நான் உள்ள இருந்து வாயைத் தொறக்க மாட்டேன். ‘சொல்லு, டாக்டர் போன்ல கேப்பாங்கல்ல?’ கேக்கட்டுமே. டாக்டர் கேட்டா நான் மெதுவாச் சொல்லிக்க மாட்டேனா? சொல்ல மாட்டேன்தான். அது என்ற பாடு.

இப்ப மருந்து வெச்ச விசயத்துக்கு வர்றேன். கதவைச் சித்த சாத்துங்கக்கா.

வாயில போடற மாத்திரை ஒருபக்கம். அது போக இன்னொண்ணு குடுத்திருந்தாங்க. மெழுகுல பண்ணின தோட்டா மாதிரி இருக்கும். அதை முழுங்கக் கூடாது. படுக்கறப்போ... அது வந்து... கீழ வெக்கோணும். கீழன்னா தரையில இல்லீங்க. உங்களுக்கும் குழந்தை குட்டி இருக்கும், காய்ச்சலுக்கு வெச்சிருப்பீங்க. புரிஞ்சுதுங்களா? ஆ, அதேதான். புண்ணு அங்கதான் இருக்குது, மருந்தும் அங்கதான் போயி வேலை செய்யோணுமாம். நர்ஸம்மா, ‘வீட்டுல மருந்து வெச்சு விட ஆள் இருக்குதா?’ன்னு கேட்டாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். இவதான், ‘நான் வெக்கிறேனுங்க’ன்னா.

மொத நாளு அழுதுட்டேன். ‘யாருகிட்டயும் சொல்லாதீங்க நங்கையா, குழந்தை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க, மருந்து வெக்கிறது எங்கன்னு அத்தைக்குக்கூடத் தெரியக்கூடாது’ன்னேன். ‘அட கிறுக்கே, இதுல என்ன இருக்குது?’ன்னு சொல்லிச் சத்தியம் பண்ணினா. கையைக் கழுவி, நகத்தை வெட்டி, மெழுகை உள்ளங்கையில வெச்சுச் சித்த நேரம் சூடு பண்ணி... அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு? வலிக்கலை. அதைச் சொல்லியாகணும், வலிக்கலை.

அவ்வளவுதான் விசயம். இதோட முடிஞ்சிருக்கோணும். ஆனா அந்த வாய் இருக்குதே! குழாயடியில தண்ணி புடிக்கறப்போ ருக்குமணியக்கா, ‘உன்ற தம்பி பொண்டாட்டி எப்படி இருக்கறா?’ன்னு கேட்டிருக்காங்க. ‘இப்பப் பரவால்லைக்கா. நான் தினமும் மருந்து வெக்கிறேன்ல, வெச்சாத்தான் அடங்கறா’ன்னு இவ சொல்லியிருக்கறா. குழாயே நின்னு போச்சாம்.

நீங்களே சொல்லுங்க. மருந்து குடுக்கறேன்னு சொல்லலாம். மாத்திரை குடுக்கறேன்னு சொல்லலாம். மருந்து ‘வெக்கிறேன்’னு எவளாவது குழாயடியில நின்னு சொல்லுவாளா? எங்க வெக்கிறேன்னு சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணினா, வெக்கிறதையே சொல்ல மாட்டேன்னு பண்ணலையாம். அப்பறமா என்கிட்டயே இந்த வெளக்கம் சொல்றா!

ருக்குமணியக்கா குடத்தைக்கூட எடுக்காம நேரா எங்க அத்தைகிட்ட வந்துட்டாங்க. ‘உங்க மக அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. அவளுக்குக் குழந்தை இல்லை. தம்பி பொண்டாட்டி போயிட்டா அந்தக் குழந்தை இவளுக்குத்தானே?’ பெத்த தாய் என்ன பண்ணியிருக்கோணும்? தொடப்பத்தை எடுத்திருக்கோணும். எங்க அத்தை புள்ளைய எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. மருமகளுக்காக மகளைச் சந்தேகப்பட்ட மாமியாரு இந்த ஜில்லாவுலயே எங்க அத்தை ஒருத்தருதான். நான் பூரிச்சுப் போகோணும்!

அவளைக் கூப்பிட்டு நடுவீட்டுல நிறுத்தினாங்க. ‘மேகலாவுக்கு மருந்து வெச்சியா?’

அவ என்ற பக்கம் பாத்தா. நான் சுவத்தைப் பாத்தேன்.

‘வெச்சேன்.’

‘எதுல வெச்சே?’

மறுபடியும் என்ற பக்கம் பாத்தா. எங்க சுவத்துல பல்லி ஒண்ணு இருக்கும், அதையே பாத்துட்டு இருந்தேன். ஊருக்கே கேக்கற மாதிரி பேசறவ, பஸ் ஸ்டாண்டையே நிறுத்தினவ, அன்னைக்கு ஊமையாயிட்டா. ‘எதுலயோ வெச்சேன், விடும்மா’ங்கறா. எதுலயோவாம்! அது எப்படிப்பட்ட பதிலு? கத்த வேண்டியதுக்குக் கத்தாம, கத்தக் கூடாத எடத்துல கத்தறதே இவ பொழப்பு. சொல்லாதீங்கன்னு நான்தான் சொன்னேன். சொன்னா? மனுசருக்கு ஒரு சமயோசிதம் வேண்டாமுங்களா?

அன்னைக்கிருந்து அவளைச் சமையல்கட்டுக்குள்ள விடல. அத்தையே சமைச்சாங்க. காரக்கொழம்பு. நானும் தின்னேன், மறைக்கறதுக்கு என்ன இருக்குது?

அடுத்தாப்பல, வெச்ச மருந்தை வயித்துல இருந்து எடுக்கற ஆளைக் கூட்டியாந்தாங்க. கொல்லிமலை அடிவாரத்துல பேரு போன ஆளாம். வாயி பூரா வெத்தலை. என்ற தொப்புளுக்கிட்ட ஒரு கொழாயை வெச்சு உறிஞ்சி, வட்டல்ல துப்பினான். கருப்பா என்னமோ, அதுல ஒரு மயிரு. ‘பாத்துக்கங்க, கொடல்ல ஒட்டிட்டு இருந்தது’ங்கறான். நரைச்ச மயிருங்க அது. எங்க வீட்டுல நரைச்ச தலை எங்க அத்தைக்கு மட்டுந்தான், அந்த ஆளு மீசையை விட்டா. அது ஒருத்தர் கண்ணுக்கும் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது. ஆனா வேத்து ஆம்பளை முன்னால வயித்தைத் தொறந்து போட்டுட்டுப் படுத்திருக்கறேன், மயிரைப் பத்தி எங்க பேசறது? ‘மருந்து எடுத்தாச்சு, இனி இங்கிலீசு மாத்திரை ஒண்ணும் வேண்டாம், தொட்டா மறுபடியும் ஒட்டிக்கும்’னுட்டுப் போயிட்டான். அத்தை மாத்திரையெல்லாம் சாக்கடையில போட்டாங்க.

ஆஸ்பத்திரியில இருந்து நர்ஸம்மா போன் பண்ணி, ‘மருந்தெல்லாம் ஒழுங்கா எடுத்தீங்களா?’ன்னு கேக்கறாங்க. எங்க அத்தை, ‘எடுத்தாச்சுங்க, நேத்தே எடுத்தாச்சு, சுத்தமா எடுத்தாச்சு’ங்கறாங்க. ‘வெரி குட்’ன்னு சொல்லி வெச்சுட்டாங்க அந்தம்மா. படிச்சவங்களுக்கும் இவ்வளவுதான் தெரியுதுங்க.

சிரிக்காதீங்கக்கா. அந்த வாரம் நான் போயிட்டு வந்தேன். எங்க போனேன்னு கேளுங்க. எமன் வீட்டுக்கு. ரத்தம் நிக்கவே இல்லை. பொடக்காலியிலயே உக்காந்தவ எந்திரிக்கல. சத்தம் போட எனக்கு வராதே! உள்ளயே மெதுவா ‘அத்தை, அத்தை’ன்னு கூப்பிட்டுட்டு இருந்திருக்கறேன். கதவை ஒடைச்சது இவ. நெறம் கேக்கறதுக்கு வந்து நின்னிருக்கறா, வர வேண்டாம்னு அத்தை சொல்லியும். அப்படியே என்னைத் தோள்ல போட்டுட்டுத் தெருவுல நடந்தா. சேலை ஒரு கோலம், நான் ஒரு கோலம். ‘ஆட்டோ! ஆட்டோ!’ன்னு கத்தின கத்துல தறிக்காரங்க தறியை நிறுத்திட்டு வெளிய வந்தாங்க. இன்னொருத்தியா இருந்தா ஒரு போர்வையையாவது போத்தித் தூக்கியிருப்பா. அவளுக்கு அது தோணாது.

டாக்டர் அத்தையைத் திட்டுன திட்டு! அந்த மாத்திரையைக் கொறைச்சுக் கொறைச்சுத்தான் நிறுத்தோணுமாம், அப்படியே விட்டா உசுருக்கே ஆபத்தாம். அத்தை அழுதாங்க. ஆனா அவங்களுக்கு அது வேற கணக்கு, இது வேற கணக்கு. ‘டாக்டர் மருந்து டாக்டர் மருந்து, எம் மக வெச்சது வேற மருந்து’ன்னு இன்னமும் மனசுக்குள்ள இருக்குது. சமையல்கட்டுக்குள்ள மட்டும் விட்டுட்டாங்க, காரக்கொழம்பு ஆகாதுன்னு டாக்டரே சொல்லிட்டதால.

இப்பவும் அவதான் வெக்கிறா. தினமும் கதவைத் தாழ் போட்டுட்டு. வெளிய அத்தை மெதுவா நடக்கறது கேக்கும். ‘உள்ள என்னடி பண்றே?’ன்னு கேப்பாங்க. அவ, ‘மருந்து வெக்கிறேன்’னு கத்துவா. திருந்தாத சென்மம்.

இதாங்க நடந்தது. இப்படிப்பட்டவளை வீட்டுல வெச்சு மேய்க்கறது லேசில்லை, சொல்லிட்டேன். ராங்கிக்காரி, ரகசியம் தங்காது, சமைக்கத் தெரியாது, ஒறம்பரையை மதிக்கத் தெரியாது. உங்க தம்பி சாதுன்னு சொன்னீங்க. பாவம், யோசிச்சுக்கங்க.

என்னங்கக்கா, கண்ணைத் தொடைக்கறீங்க? தூசியா?

வெள்ளிக்கிழமையா? இந்த வெள்ளிக்கிழமையேவா பூ வெக்க வர்றீங்க? நான் இவ்வளவு நேரம் சொன்னது காதுல விழலீங்களா? இருங்க, இருங்க. எதுக்கு இத்தனை அவசரம்? ஆனி முடியப் போகுது, ஆடியில பண்ண மாட்டீங்க, ஆவணி வரட்டுமே. எனக்கு மாத்திரை கொறையட்டும்... இல்லை, எனக்காகச் சொல்லலை. முகூர்த்தம் நல்லதா அமையட்டும்னு சொல்றேன்.

என்ன? உங்க அம்மா வெளிய காருலயே உக்காந்திருக்காங்களா? மருந்து வெக்கிற வீட்டுல காலு வெக்க மாட்டேன்னுட்டாங்களா? நீங்க போயிச் சொல்லுங்க. நான் சொன்னதை அப்படியே சொல்லுங்க... அதுவும் சரிதான், என்ற வாயால கேட்டாத்தான் நம்புவாங்க. சரி, அந்தக் கையைக் குடுங்க. வாசப்படி வரைக்கும் வர்றேன். மெதுவாங்க.

வாங்க பெரியம்மா. நான்தாங்க மேகலா. மருந்து வெச்சது எனக்குத்தாங்க... என்னங்கக்கா? அம்மாவுக்குக் காது கேக்காதா? இதை மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? ருக்குமணியக்கா வேற செடிக்குத் தண்ணி ஊத்த ஆரம்பிச்சுட்டாங்க. தறிக்காரங்க டீக்கடையில நிக்கறாங்க.

பெரியம்மா! அது டாக்டர் குடுத்த மருந்துங்க! ... டாக்டர்! ... ஆமாங்க. அதைத்தான் எங்க நங்கையா வெச்சாங்க. பின்னாடி வெச்சாங்க. பின்னாடிங்க! ... இல்லீங்க, வீட்டுக்குப் பின்னாடி இல்லைங்க, பொதைக்கலீங்க. மருந்தைப் போயி யாருங்க பொதைப்பாங்க?

அட, அதோ அவளே வந்துட்டா. இடுப்புல குழந்தை, தலையில அரிசி மூட்டை. அங்கயே நின்னுட்டா பாருங்க, ஆளுகளைப் பாத்ததும். வேண்டாம்னு தலையை ஆட்டறா. சொல்லாதே, சொல்லாதேன்னு. இப்பத்தான் வாயை மூடத் தெரிஞ்சுது மகராசிக்கு!

பெரியம்மா, நல்லாக் கேட்டுக்கங்க! குண்டியிலங்க! என்ற குண்டிக்குள்ள வெச்சாங்க, மெழுகு மாத்திரை, டாக்டர் எழுதிக் குடுத்தது! அது வெச்சதுனாலதான் நான் இங்க நிக்கறேன்! கேட்டுதுங்களா? ருக்குமணியக்கா, உங்களுக்கும் கேட்டுதுங்களா, இல்லை பக்கத்துல வந்து சொல்லட்டுமா?

எதுக்கு நங்கையா அப்படி நடுரோட்டுல நிக்கறீங்க? மூட்டையை எறக்கி வெச்சுட்டு உள்ள வாங்க. ஒறம்பரை வந்திருக்காங்க. அந்தக் கொழகொழச் சோத்தைப் போட்டுடாதீங்க, காப்பி வெய்யுங்க.